வாயிலில் நிற்கும் வெண்கலம்
கொழும்பு நூதனசாலையின் கிரெகரி சிலை: ஒரு விமர்சன நோக்கு

கலைப்படைப்பு ஒன்றினை மதிப்பிட முற்படுவோர் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே பிரித்து நோக்குதல் பொருந்தாது என்பது இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இலக்கியத்தைப் பொறுத்தவரை இக்கருத்தினை நாம் பலகாலும் பேசியுள்ளோம். நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் எத்தனையோ கட்டுரைகள் இத்தகைய மலர்களில் வெளிவந்துள்ளன. ஆயின் சிற்பத்தைப் பற்றி, அதிலும் நம் நகரங்களின் சந்திகளிலும் முற்றங்களிலும் நிற்கும் உருவச்சிலைகளைப் பற்றி, அவ்வாறு பேசுதல் அரிது. அவற்றுக்கு மாலை சூட்டுகிறோம்; அல்லது தூற்றுகிறோம்; சில வேளைகளில் உடைத்தும் விடுகிறோம். கலைப்படைப்புகள் என்ற வகையில் அவற்றின்முன் நின்று பார்ப்பதில்லை. கொழும்பு தேசிய நூதனசாலையின் முன்றிலில் நிற்கும் சேர் வில்லியம் ஹென்றி கிரெகரியின் வெண்கலச் சிலையினை அவ்வாறு நின்று பார்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சிலையைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. எனது ஊர் வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளம். பாடசாலைச் சுற்றுலாவின்போது முதன்முதல் நூதனசாலைக்குச் சென்றவேளை, கண்டியரசரின் சிம்மாசனத்தைக் காணும் அவசரத்தில் இச்சிலையைத் திரும்பியும் பாராது கடந்து சென்றோம். பின்னர் பல்கலைக்கழகத்தில் இருவேறு பாடங்களுக்காக நூல்களைப் புரட்டியபோது கிரெகரி என்னும் பெயர் இருமுறை எதிர்ப்பட்டது. ஒன்று, வறண்ட பிரதேசக் குளங்களின் வரலாற்றில். மற்றையது, அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின் வரலாற்றில். முதலாவது நூல் அப்பெயரை நன்றியுடன் கூறியது. இரண்டாவது நூல் கசப்புடன் கூறியது. இருவரும் ஒருவரே என அறிந்தபின், இரண்டாம் முறை தனியே சென்று சிலையின்முன் நின்றேன். இவ்விரு பெயர்களையும் ஒரே முகம் தாங்க முடியுமா என்ற வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கிரெகரி 1872ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை இலங்கையின் தேசாதிபதியாகக் கடமையாற்றியவர். அதற்கு முன்னர் பல ஆண்டுகள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முதலில் டப்ளின் நகரையும் பின்னர் கோல்வே மாவட்டத்தையும் பிரதிநிதித்துவம் செய்தார். கலையார்வம் மிக்கவர், இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறங்காவலர்களுள் ஒருவராக விளங்கியவர். இலங்கைக்கு ஒரு நூதனசாலை வேண்டும் என்னும் கோரிக்கை அவருக்கு முன்பும் எழுந்ததாயினும், அதனைச் செயலாக்கியவர் அவரே. ஜேம்ஸ் ஸ்மிதர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் எழுப்பிய வெண்ணிறக் கட்டடம் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே அவர் பதவியை விட்டு நீங்கினார். அவரது பணிகளுக்கு நன்றியாக எழுந்ததே இச்சிலை.

சிலையை வடித்தவர் ஜோசப் எட்கர் போஹ்ம். வியன்னாவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய இவர், விக்டோரியா மகாராணியின் ஆதரவைப் பெற்ற அரண்மனைச் சிற்பி. 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவையொட்டி வெளியான பிரித்தானிய நாணயங்களில் இடம்பெற்ற மகாராணியின் உருவமும் இவர் ஆக்கமே. எனினும் போஹ்மை வெறும் அரண்மனைச் சிற்பியென ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. இலண்டனின் செல்சிப் பகுதியில் 1882ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தோமஸ் கார்லைல் சிலை அவரது ஆற்றலுக்குச் சான்றாகும். அங்கே முதிய சிந்தனையாளர் நீண்ட வீட்டங்கியுடன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். களைத்த உடல், சிந்தனையிற் கனத்த முகம். ஒரு மனிதனின் அகவாழ்வை உடலின் அமர்விலேயே காட்டவல்ல கலைஞர் போஹ்ம் என்பதை அச்சிலை உணர்த்துகின்றது.

அதே கலைஞரின் கைப்பட்ட கிரெகரி நிற்கிறார். உயர்ந்த பீடத்தின்மீது, ஐரோப்பிய உடையில், தாம் எழுப்பிய கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, வருவோரை எதிர்நோக்கியவராய் நிற்கிறார். உடலில் விறைப்புக் குறைவு. இராணுவத் தளபதிகளின் சிலைகளிற் காணும் வீறாப்பு இல்லை. படித்த, செல்வமுடைய, தன்மீது நம்பிக்கை கொண்ட ஒரு கனவான் தம் வீட்டு வாயிலில் விருந்தினரை வரவேற்பது போன்ற பாவனை. இது போஹ்மின் வெற்றியேயாகும். அதிகாரத்தை இயல்பானதாக, பண்பின் வடிவாகத் தோன்றச் செய்துள்ளார். வாள் ஏந்திய சிலையை நாம் உடனே இனங்கண்டு கொள்வோம். வரவேற்கும் சிலையோ நம்மை அறியாமலே நம்மை விருந்தினராக்கி விடுகின்றது. நம் முன்னோரின் பொருள்களைக் காணச் செல்லும் நாம், அவற்றைக் காட்டும் உரிமையுடையவர் அவர்தாம் என ஏற்றுக்கொண்டே உள்ளே நுழைகின்றோம்.

பீடத்தின் உயரமும் கவனத்துக்குரியது. உருவச்சிலையின் உயிர் முகத்திலே தங்கியுள்ளது. ஐரோப்பிய முறையிற் சிற்பி முதலில் களிமண்ணில் முகத்தைப் பிசைந்து, ஒப்புமை கைகூடும்வரை திருத்தி, பின் சாந்தில் அச்செடுத்து, இறுதியில் வெண்கலத்தில் வார்க்கின்றார். கண்ணிமையின் மடிப்பும் உதட்டின் கோணமும் அருகிருந்து பார்த்த ஒருவரின் உழைப்பு. அத்தகைய உழைப்பின் பயனை நம் தலைக்கு மேலே, வானொளிக்கு எதிராக நிறுத்தும்போது முகம் கருநிழலாகி விடுகின்றது. அருகிருந்து ஆக்கப்பட்டது தொலைவிலிருந்து காணப்படுகின்றது. ஒப்புமையைத் தேடும் கலைக்கும் உயர்வை வேண்டும் அரசியலுக்கும் இடையிலுள்ள முரண்பாடு இப்பீடத்தின் உயரத்திலேயே வெளிப்படுகின்றது, அரசியலே வென்றுள்ளது.

இனி, சிலையைக் கடந்து உள்ளே செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொலன்னறுவைச் சிவாலயச் சூழலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சைவப் படிமங்கள் இந்நூதனசாலையின் பெருஞ்செல்வங்கள். அவற்றின் சிறப்பினை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்கள் பற்றிய அவரது நூல் 1914ஆம் ஆண்டு வெளியாயிற்று. அப்படிமங்களுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் உருவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இளமை ததும்பும் மேனி, அணிகள், எதிரே தோன்றிய ஏதோ ஒன்றினைக் கண்டு மூச்சடங்கி நிற்பது போன்ற முகம்.

வாயிலில் உள்ளதும் வெண்கலம். உள்ளே உள்ளதும் வெண்கலம். ஆயின் ஆக்க முறையிலும் நோக்கிலும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. நம் ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவை நேரே மெழுகில் வனைந்தனர். அதன்மேல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்த்தனர். கருவை உடைத்தே படிமத்தை வெளியே எடுத்தலால் ஒவ்வொரு படிமமும் ஒன்றேயாகும். உறுப்புகளின் அளவுகள் தாள விதிகளின்படி அமைந்தன. சுந்தரரின் உண்மை முகத்தை அச்சிற்பி கண்டதில்லை. காண வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. ஒரு மனிதர் எத்தகைய முகத்தையுடையவராயிருந்தார் என்பதை விட்டு, அவர் எதன்முன் நின்றார் என்பதையே அவர் வடித்தார்.

வாழ்ந்த அரசரின் உருவத்தைப் படைக்கும் வழக்கம் நம் மரபில் இல்லை என இதனாற் கொள்ளலாகாது. திருமலையிலே கிருஷ்ணதேவராயரும் அவரது தேவியர் இருவரும் உலோகத்தில் நிற்கின்றனர். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களிலே திருமலை நாயக்கரையும் அவருக்கு முன்னாண்டோரையும் காணலாம். அங்கெல்லாம் அரசன் கைகூப்பி நிற்கின்றான். தன்னைக் காண வருவோரை நோக்காது, தன்னிலும் பெரிதாகத் தான் கருதியதை நோக்கி நிற்கின்றான். கிரெகரி சிலையின் திசையை இதனோடு ஒப்பிடுக. நூதனசாலையில் உள்ளவற்றுக்கு முதுகையும் வீதியில் வருவோருக்கு முகத்தையும் அது காட்டுகின்றது. இருவகைச் சிலைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு நோக்கின் திசையே எனலாம்.

இவ்வொப்பீட்டினை வைத்து நம் மரபு தூயது, பிறர் மரபு தீயது என்னும் எளிய முடிவுக்கு வருதல் விமர்சனமாகாது. கைகூப்பிய அரசனும் அரசனே. இறைவனுக்கு எதிரே நிற்கும் உரிமையைத் தனதாக்கிக் கொள்வதும் அதிகாரத்தின் ஒரு வடிவந்தான். குடிகளின் வரியே அவ்வுலோகமும் ஆயிற்று. மேலும், இருபதாம் நூற்றாண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் கொழும்பிலே சிலையெழுப்ப முனைந்தோர் கைகூப்பிய மரபை நாடவில்லை. ஐரோப்பிய வெண்கல உருவச்சிலை மரபினையே நாடினர். சிலை என்றாற் பீடமேறி நிற்பது என்னும் எண்ணம் அதற்குள் நம்முடையதாகவும் ஆகிவிட்டது. ஆகவே கிரெகரி சிலைக்கு எழுப்பும் வினாக்கள் நம் சிலைகளுக்கும் உரியனவே.

சிலையின் சமூகப் பின்னணியைச் சிறிது நோக்குதல் இங்கு அவசியம். கிரெகரியின் ஆட்சிக்காலம் கோப்பிச் செல்வத்தின் உச்சக் காலம். இலைநோய் 1869ஆம் ஆண்டிலேயே தலைகாட்டிவிட்டதாயினும் விலையேற்றம் வருவாயைத் தாங்கி நின்றது. நூதனசாலையும் வீதிகளும் குளத்திருத்தங்களும் அத்தகைய செழிப்பின் பின்னணியிலேயே எழுந்தன. அச்செழிப்பினைத் தம் உடலால் ஆக்கியோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளூடாக மாத்தளையை நோக்கி நடந்தோருட் பலர் பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டனர். எங்கள் ஊர் வீதியின் மேற்கு முனை அதே மன்னார்க் கரையில்தான் முடிகின்றது. அவர்களுட் பெயர் தெரிந்தோர் மிகச்சிலர். முகம் தெரிந்தோர் எவருமிலர். வெண்கலத்தில் ஒப்புமை பெறுவதற்கு ஒருவர்க்கு முதலில் வேண்டியது முகமன்று, நன்றி கூறும் செல்வர் கூட்டமே என்பது இதனாற் புலனாகும்.

எனினும் கிரெகரியின் நற்பணிகளை மறுத்தல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். 1873ஆம் ஆண்டு வட மாகாணத்திலிருந்து நுவரகலாவியாவையும் கிழக்கு மாகாணத்திலிருந்து தமன்கடுவையையும் பிரித்து வடமத்திய மாகாணத்தை உருவாக்கியவர் அவர். அதனால் வவுனியாவுக்குத் தெற்கே ஒரு மாகாண எல்லை தோன்றியது. அவ்வெல்லையின் பின்விளைவுகளைப் பற்றிப் பலவாறு வாதிடலாம். ஆயின் அவர் அம்மாகாணத்தை அமைத்தவேளை அங்கே கண்டது காய்ச்சலும் பசியும் உடைந்த குளங்களுமே. கிராமத்தவர் குளக்கட்டின் மண்வேலையைத் தம் உழைப்பால் முடிக்க, அரசு துருசை இலவசமாக வழங்கும் முறை அவர் காலத்தில் ஊக்கம் பெற்றது. துருசு என்பது என்னவென்று வன்னியிற் பிறந்தோர்க்கு விளக்கவேண்டியதில்லை. கட்டு உயர்ந்திருப்பினும் துருசு இல்லையேல் வயலுக்கு அளந்து நீர்விட இயலாது. குளத்தின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்ட நாம், குளத்தைத் திருத்தியோரை எளிதில் மறக்க முடியாது.

இனி மற்றைய நூல் கூறும் கிரெகரியைக் காண்போம். 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 1847ஆம் ஆண்டு வறியோர் நிவாரணச் சட்டத்திருத்தம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, டப்ளின் உறுப்பினராயிருந்த இளம் கிரெகரி ஒரு விதியை முன்மொழிந்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் நிவாரணம் இல்லை என்பதே அது. ஆதரவாக 117 வாக்குகளும் எதிராக 7 வாக்குகளும் கிடைத்தன. கால் ஏக்கர் என்பது நமது அளவில் நான்கு பரப்பு. பட்டினி கிடந்த குடியானவன் முன் இரண்டு வழிகளே இருந்தன: நிலத்தைக் கைவிட்டுக் கஞ்சியைப் பெறுதல், அல்லது நிலத்தை வைத்துக்கொண்டு குடும்பத்துடன் சாதல். நிலத்தைக் கைவிட்டோரின் குடிசைகளை நிலவுடைமையாளர் பலர் இடித்துத் தள்ளினர். அவ்விதி இன்றும் கிரெகரியின் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

தம் சொந்த நிலத்துக் குடியானவரிடம் அவர் இரக்கத்துடன் நடந்துகொண்டார் என்றும், ஏழைக் குடியானவர் புலம்பெயர உதவும் ஏற்பாட்டினையும் அவரே முன்மொழிந்தார் என்றும் கூறுவர். அவை உண்மையே. ஆயினும் சட்டம் தனிமனித இரக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. நிவாரணத்துக்கு நிபந்தனை விதிப்பது எத்தகையது என்பதை வன்னியில் ஒரு தலைமுறையினர் நூல் வாயிலாக அறிய வேண்டியதில்லை. போரின் ஆண்டுகளில் அட்டையுடன் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியொன்றினுள் அத்தகைய அட்டையொன்று இன்றும் இருக்கின்றது. அதனைத் தாயார் எறியவுமில்லை, எடுத்துப் பார்ப்பதுமில்லை. அயர்லாந்துக் குடியானவனின் கால் ஏக்கரைப் பற்றிப் படித்தபோது அவ்வட்டையே என் நினைவுக்கு வந்தது.

பொலன்னறுவையிற் கிடைத்த படிமங்களுள் காரைக்காலம்மையாரின் உருவும் உண்டு. தசை வற்றி, எலும்பு தோன்ற, கையில் தாளத்துடன் அமர்ந்த கோலம். அழகினைத் தாமே துறந்து பெற்ற மெலிவு அது, பஞ்சத்தின் மெலிவன்று. ஆயினும் மெலிந்த உடல் ஒன்றினை வெண்கலத்தில் வார்த்து, அதனை வழிபடத்தக்க உயர்வுடன் படைக்கும் துணிவு அச்சிற்பிக்கு இருந்தது. அரசியலாளரின் உருவச்சிலை மரபோ அத்தகைய உடலுக்குத் தன் பீடத்தில் இடமளிப்பதில்லை.

இப்போது முதல் வினாவுக்கு மீள்வோம். குளத்தைத் திருத்தியவரையும் கால் ஏக்கர் விதியை ஆக்கியவரையும் இவ்வெண்கல முகம் ஒருங்கே தாங்குகின்றதா? இல்லை என்பதே விடை. இது போஹ்மின் திறமைக் குறைவன்று. கார்லைலின் களைப்பைக் காட்டியவர் கிரெகரியின் உள்முரணையும் காட்டியிருக்கக் கூடும். ஆயின் நன்றிக்காக எழும் பொதுச்சிலை அத்தகைய உண்மையைக் கோருவதில்லை. ஒப்புமை எவ்வளவு நுண்ணியதாயினும் அது தோலின் ஒப்புமையே. வாழ்ந்த காலத்தில் ஒருவர் கையெழுத்து எத்தனை வீடுகளைத் தொட்டது என்பதைத் தோல் காட்டுவதில்லை. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கலாகாது என முதலிற் கூறினோம். இச்சிலையில் உருவமே உள்ளடக்கத்தை மறைக்கும் திரையாகவும் அமைந்துள்ளது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு வவுனியா நகரிலேயே உள்ளது. கச்சேரிக்கு அண்மையில் பண்டாரவன்னியனின் சிலை நிற்கின்றது. ஆண்டுதோறும் அதற்கு மாலை சூட்டப்படுகின்றது. பண்டாரவன்னியனின் உருவத்தை நேரிற் கண்டு வரைந்த ஓவியம் எதுவும் நம்மிடமில்லை. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்ததாகக் கப்டன் வொன் டிறிபேர்க்கின் பெயரைத் தாங்கி நாட்டப்பட்ட கல்லே நெடுங்காலம் அவனது நினைவைப் பேணிற்று. அக்கல்லிலும் முகமில்லை, வென்றவனின் வாசகமே இருந்தது. எனவே நம் சிலையிலுள்ள முகம் நாம் விரும்பிய முகம். அங்கே ஒப்புமை இல்லை, ஆனால் ஏக்கம் உண்டு. இங்கே ஒப்புமை உண்டு, ஆனால் முழுமை இல்லை. இரண்டுமே வரலாற்றுச் சான்று என்ற வகையிற் கவனத்துடன் வாசிக்கப்பட வேண்டியவை.

அவ்வாறாயின் கிரெகரி சிலையை என் செய்வது? அகற்றவேண்டும் என்போர் கருத்தினை நான் ஏற்கவில்லை. அகற்றப்பட்ட சிலை எதனையும் விளக்குவதில்லை. வணங்கி நிற்பதும் இயலாது. இச்சிலை வாயிற்காவலர் என்னும் நிலையிலிருந்து காட்சிப்பொருள் என்னும் நிலைக்கு மாறவேண்டும் என்பதே எனது கருத்து. அதற்குச் சிலையை ஓரங்குலமும் நகர்த்த வேண்டியதில்லை. நூதனசாலையினுள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் அருகே ஒரு விளக்கப் பலகை உண்டு. அதுபோல, பீடத்தின் அருகே, கண்மட்டத்தில், மூன்று மொழிகளிலும் ஒரு பலகை போதுமானது. சிற்பியின் பெயர், வார்ப்பு முறை, நூதனசாலையைத் திறந்த ஆண்டு, குளங்களுக்கு அளித்த துருசுகள், 1847ஆம் ஆண்டின் கால் ஏக்கர் விதி ஆகிய யாவும் அதில் ஒருங்கே இடம்பெறவேண்டும். நன்றியும் குற்றமும் ஒரே பலகையில் அடுத்தடுத்து நிற்கட்டும். தீர்ப்பினை வாசிப்போர் செய்துகொள்வர்.

கிரெகரி 1892ஆம் ஆண்டு காலமானார். அவரது துணைவியார் அகஸ்தா கிரெகரி பின்னர் கவிஞர் யேட்ஸ் முதலியோருடன் இணைந்து ஐரிஷ் நாடக இயக்கத்துக்கு வித்திட்டு, 1904ஆம் ஆண்டு அபே அரங்கினை நிறுவியோருள் ஒருவரானார். பஞ்சத்தில் நிலமிழந்த குடியானவரின் பேச்சையும் கதைகளையும் தேடித் தொகுத்தவர்களுள் அவரும் ஒருவர். கணவர் கொண்டுவந்த விதியால் வாயடைக்கப்பட்டோரின் மொழிக்கு மனைவி மேடையமைத்தார். ஒரு வீட்டினுள்ளேயே வரலாறு தன்னைத் திருத்திக் கொள்ள முயலுமாயின், ஒரு நூதனசாலை தன் முன்றிலிலுள்ள சிலையைப் பற்றி முழுமையாகப் பேசுவது இயலாத காரியமன்று.

சிலைகளின்முன் மாலையுடனோ கல்லுடனோ செல்லும் நாம், இடையிடையே குறிப்பேட்டுடனும் செல்லப் பழகவேண்டும். சிலை எவரை நோக்கி நிற்கின்றது, எவருக்கு முதுகைக் காட்டுகின்றது, எவர் பணத்தில் நிற்கின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்னும் நான்கு வினாக்களும் அக்குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். நம் ஊர்ச் சந்திகளில் நாளை நாம் எழுப்பப் போகும் சிலைகளுக்கும் அவையே வினாக்கள்.